வீடு வீடாகத் தேடிச் சென்றவர்: புனித யோசேப் வாஸ்

மலாக்கா நகருக்குச் சுற்றுலா செல்வோர் செயின்ட் பால் குன்றின்மேல் ஏறிப் பார்க்கத் தவறுவதில்லை. அங்கே கூரையின்றி நிற்கும் பழைய தேவாலயத்தின் முன்னால், வலக்கை இழந்த வெண்ணிறச் சிலை ஒன்று உள்ளது. அது புனித பிரான்சிஸ் சவேரியாரின் சிலை. அவர் 1545ஆம் ஆண்டு முதன்முதலாக மலாக்காவுக்கு வந்தார். அப்போது இந்நகரம் போர்த்துக்கீசியரின் ஆட்சியில் இருந்தது. பெயரளவில் கத்தோலிக்கராக இருந்து, வழிபாட்டை மறந்து வாழ்ந்தோர் இங்குப் பலர். சவேரியார் கையில் மணியை ஏந்தித் தெருத்தெருவாகச் சென்றார். மணியோசை கேட்டுக் கூடிய சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் இறைவேண்டல்களைக் கற்றுக் கொடுத்தார். ஆட்சி தம் பக்கம் இருந்ததால் அவரால் வெளிப்படையாக அழைக்க முடிந்தது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் நிலைமை தலைகீழானது. 1641இல் டச்சுக்காரர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆயினும், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்களைப் போர்த்துக்கீசியரின் கையாட்களாகவே அவர்கள் கருதினர். ஆகவே, கத்தோலிக்கரின் வெளிப்படையான வழிபாடு ஒடுக்கப்பட்டது. குன்றின்மேல் இருந்த தேவாலயமும் கைமாறியது. இதே டச்சுக்காரர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். மணியடித்து அழைக்க முடியாத அக்காலத்தில், சிதறிப்போன மக்களை மீண்டும் ஒன்றுசேர்க்க இலங்கைக்குச் சென்ற ஒருவரின் வரலாறே இது. அவர் பெயர் யோசேப் வாஸ்.

யோசேப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 21ஆம் நாள் கோவாவில் உள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் கிறிஸ்தோவான் வாஸ். தாயார் மரியா த மிராண்டா. கொங்கணி பேசும் அக்குடும்பம் இறைப்பற்று மிக்கது. யோசேப் போர்த்துக்கீசியமும் இலத்தீனும் கற்றார். பின்னர், கோவா நகரில் மெய்யியலும் இறையியலும் பயின்று, 1676இல் குருவானார். குருவானபின் அவர் காலணி அணிவதை விட்டார். ஏழை மக்கள் வெறுங்காலுடன் நடக்கும்போது தாமும் அவ்வாறே நடப்பதுதான் முறை என்று அவர் எண்ணினார்.

1681இல் அவர் மங்களூரை உள்ளடக்கிய கனராப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே கத்தோலிக்கர்கள் இரு பிரிவாகப் பிளவுபட்டிருந்தனர். குருக்களை நியமிக்கும் உரிமை போர்த்துக்கல் மன்னருக்கு உரியது என்றது ஒரு பிரிவு. உரோமைத் தலைமைக்கே உரியது என்றது மற்றொரு பிரிவு. மேலிடத்தில் எழுந்த இப்பூசலால், எந்தக் குருவிடம் செல்வது என்று தெரியாமல் எளிய மக்கள் குழம்பினர். சிலர் தேவாலயத்துக்குச் செல்வதையே நிறுத்திவிட்டனர். யோசேப் வாஸ் எந்தப் பிரிவையும் பழித்துப் பேசவில்லை. மாற்றுத் தரப்பினரையும் சந்தித்து அமைதியாகப் பேசினார். அதே வேளையில் ஊர்தோறும் நடந்து, நோயாளிகளைக் கவனித்தார். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார். மக்கள் விலகிப் போவதற்குத் தலைவர்களின் சண்டையும் ஒரு காரணமாகும் என்பதை அவர் அங்கே கண்டறிந்தார்.

1684இல் கோவாவுக்குத் திரும்பிய அவர், உள்நாட்டுக் குருக்கள் சிலர் தொடங்கியிருந்த ஒறட்டோரியன் குழுவில் மறு ஆண்டு சேர்ந்தார். விரைவில் அதன் தலைவரும் ஆனார். ஆயினும், அவருடைய மனம் இலங்கையை நாடியது. அங்குள்ள கத்தோலிக்கர்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருவானவரின்றி வாழ்ந்து வந்தனர்.

அம்மக்களின் நிலையை அறிந்தால்தான் யோசேப் வாஸின் பணி நமக்கு விளங்கும். போர்த்துக்கீசியர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபின், அவர்களின் அதிகாரத்தின் நிழலில் பலர் திருமுழுக்குப் பெற்றனர். உள்ளத்தால் ஏற்றவர்களும் இருந்தனர். பதவிக்காகவும் அச்சத்தாலும் ஏற்றவர்களும் இருந்தனர். அடுத்து வந்த டச்சுக்காரரோ கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். குருக்களுக்கு இடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டனர். தேவாலயங்களைத் தங்கள் சபைக்கும் பள்ளிகளுக்கும் உரியவையாக மாற்றினர். திருமுழுக்கும் திருமணமும் அவர்களுடைய சபையில் நடந்தால்தான் தோம்பு எனப்படும் பதிவேட்டில் இடம்பெறும். அரசாங்க வேலையும் கிடைக்கும். இதனால் பலர் வெளியே டச்சுச் சபையினராகவும் வீட்டுக்குள் கத்தோலிக்கராகவும் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தனர். ஓர் ஆட்சி சலுகை காட்டியது. அடுத்த ஆட்சி தண்டனையையும் காட்டியது. இரண்டுக்கும் இடையில் மக்களின் உள்ளம் என்ன நினைத்தது என்று கேட்போர் சிலரே.

1686இல் யோசேப் வாஸ் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யோவான் என்னும் ஊழியர் அவருக்குத் துணையாக வந்தார். கடற்கரை வழியாகத் தெற்கு நோக்கி வந்து, அவர்கள் தூத்துக்குடியை அடைந்தனர். அந்நகரும் அப்போது டச்சுக்காரரின் பிடியில்தான் இருந்தது. குருவுக்குரிய அங்கியைக் களைந்து, கூலியாளைப்போல் இடையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, 1687இல் அவர் கப்பலேறினார். கடல் கொந்தளித்தது, உணவும் நீரும் குறைந்தன. மன்னாரில் கரையேறிப் பின் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது அவர் கடும் வயிற்றுப்போக்கால் நலிந்திருந்தார். இரக்கமுள்ளோர் கொடுத்த கஞ்சியைக் குடித்தே அவரும் யோவானும் உயிர் பிழைத்தனர்.

உடல் தேறியதும் ஒரு சிக்கல் எழுந்தது. ஊரில் கத்தோலிக்கர் யார் என்று எப்படி அறிவது? யாரிடமும் வாய்விட்டுக் கேட்க இயலாது. கேட்கப்பட்டவர் காட்டிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து நேரும். அவர் அஞ்சி மறைத்தால் தேடியவரைக் கண்டுகொள்ளவும் வழியிருக்காது. யோசேப் வாஸ் ஒரு வழி கண்டார். கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு, பிச்சைக்காரராக வீடு வீடாகச் சென்றார். பிச்சையிட வருவோரின் கண்கள் அம்மாலையை எவ்வாறு பார்க்கின்றன என்பதைக் கவனித்தார். ஒரு குடும்பத்தார் மட்டும் அதனை அன்போடு நோக்கினர். அவர் அங்கே மீண்டும் மீண்டும் சென்றார். அவர்கள் தம்மை நம்பத் தொடங்கிய பின்னரே தாம் குருவானவர் என்பதைத் தெரிவித்தார். பல ஆண்டுகளாகக் குருவானவரைக் காணாத அவர்கள் அளவற்ற மகிழ்ச்சி அடைந்தனர்.

பின்னர், கத்தோலிக்கர் மிகுதியாக வாழ்ந்த சில்லாலை என்னும் ஊரில் அவர் தங்கினார். தமிழை ஊன்றிக் கற்றார். மக்களின் மொழியில் பேசாமல் அவர்களின் துன்பத்தை அறிய முடியாது என்பது அவருடைய உறுதி. பகலில் கூலியாளாகவும் இரவலராகவும் மாறுவேடத்தில் நடமாடுவார். இரவில் வீடுகளில் திருப்பலி நிறைவேற்றுவார். டச்சுச் சபைக்குச் சென்றவர்களை அவர் இகழவில்லை. அச்சத்தால் விலகியவர்களை முதலில் கேட்டார், பிறகுதான் கற்பித்தார். திரும்பி வர விரும்பியோரைப் பரிவோடு ஏற்றுக்கொண்டார்.

இந்தச் செய்தி டச்சு அதிகாரிகளை எட்டியது. ஒரு கிறிஸ்துமஸ் இரவில் வழிபாட்டுக்குக் கூடியவர்களைப் படைவீரர்கள் சூழ்ந்துகொண்டனர். பலர் கைது செய்யப்பட்டனர். கடும் தண்டனைக்கு உள்ளாகிச் சிலர் உயிரிழந்தனர். யோசேப் வாஸ் தப்பினார். தம்மால் பிறர் துன்புறுவது அவருக்குப் பெரும் வேதனையாக இருந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் தொடர்ந்து தங்குவது இயலாததாயிற்று. 1690இல் அவர் கண்டி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட புத்தளத்திற்குச் சென்று தம் பணியைத் தொடர்ந்தார்.

1692இல் அவர் தலைநகரான கண்டியை நோக்கிப் புறப்பட்டார். அங்கே அவருக்குக் காத்திருந்தது சிறைவாசம். அவர் போர்த்துக்கீசிய ஒற்றர் என்று ஒருவர் குற்றம் சாட்டியதால், அவரும் யோவானும் விலங்கிடப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர். யோசேப் வாஸ் சினம் கொள்ளவில்லை. சிறைக் காலத்தைச் சிங்கள மொழி கற்கப் பயன்படுத்திக்கொண்டார். அவரது ஒழுக்கத்தைக் கண்ட காவலர்கள் மெல்ல மெல்லக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினர்.

அடுத்த ஆண்டு கண்டியில் கடும் வறட்சி ஏற்பட்டது. மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தர். மழை வேண்டி நடந்த வழிபாடுகளுக்குப் பின், அவர் யோசேப் வாஸையும் இறைவனிடம் மன்றாடும்படி கேட்டுக்கொண்டார். அவர் சதுக்கத்தில் சிலுவையை நாட்டி மன்றாட, மழை பொழிந்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுவர். அதன்பின் நாடெங்கும் பணியாற்ற மன்னர் அவருக்கு உரிமை வழங்கினார். 1696இல் கோவாவிலிருந்து துணைக்குருக்களும் வந்து சேர்ந்தனர்.

1697இல் கண்டியில் பெரியம்மை நோய் பரவியது. மன்னரும் பிரபுக்களும் நகரைவிட்டு நீங்கினர். நோயாளிகளை உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். யோசேப் வாஸும் அவருடைய உறவினரான குரு கர்வால்யோவும் மட்டும் ஓடவில்லை. கைவிடப்பட்ட வீடுகளை மருத்துவ இல்லங்களாக மாற்றினர். நோயாளிகளைக் குளிப்பாட்டினர், உணவூட்டினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயாளி கத்தோலிக்கரா, பௌத்தரா என்று அவர்கள் பார்க்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு காலம் இப்பணி நீடித்தது. அதுவரை ஐயத்தோடு பார்த்த நகர மக்களும் அவரை மதிக்கத் தொடங்கினர்.

1705இல் ஜாக்கோமே கொன்சால்வஸ் என்னும் இளங்குரு இலங்கை வந்தார். அவருடைய வழி வேறு. அவர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதினார். குருவானவர் வர முடியாத ஊர்களில் அந்நூல்கள் மக்களுக்குத் துணையாயின. யோசேப் வாஸ் தம் கால்நடைப் பயணத்தாலும் கொன்சால்வஸ் தம் எழுத்தாலும் ஒரே பணியைச் செய்தனர். தம்மைப் போலவே பிறரும் செய்ய வேண்டும் என்று யோசேப் வாஸ் வற்புறுத்தவில்லை. இளையவரின் திறமையை அறிந்து அவருக்கு ஊக்கமளித்தார். தமக்கு ஆயர் பதவி அளிக்க முன்வந்தபோது அதனைப் பணிவோடு மறுத்தார்.

இருபத்து நான்கு ஆண்டுகள் இலங்கையில் உழைத்த யோசேப் வாஸ், 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட அவருடைய கல்லறை இருக்குமிடம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதல் புனிதர் அவரே.

யோசேப் வாஸ் மறைவதற்கு முந்தைய ஆண்டாகிய 1710இல், டச்சு ஆட்சியின் கீழேயே, மலாக்காவில் செயின்ட் பீட்டர் தேவாலயம் எழுந்தது. ஒருகாலத்தில் மறைவாக வழிபட்ட மக்களுக்கு மீண்டும் ஒரு கோயில் கிடைத்தது. இன்றும் அங்கே வழிபாடு நடைபெறுகிறது. பெரிய வெள்ளியன்று பெருந்திரளான மக்கள் அங்குக் கூடுகின்றனர். கடலுக்கு அப்பாலும் இப்பாலும், சட்டம் விலக்கிவைத்த மக்கள் தங்கள் நம்பிக்கையைக் கைவிடவில்லை.

ஒருவரின் நம்பிக்கையைச் சலுகையால் வாங்கலாம் என்று எண்ணியோர் உண்டு. தண்டனையால் மாற்றலாம் என்று எண்ணியோரும் உண்டு. அவ்விரு ஆட்சிகளும் மறைந்தன. யோசேப் வாஸிடம் கொடுப்பதற்குப் பதவியும் இல்லை. தண்டிப்பதற்குப் படையும் இல்லை. அவர் மக்களின் மொழியைக் கற்றார். அவர்களின் அச்சத்தைப் புரிந்துகொண்டார். நோயுற்றபோது அருகில் இருந்தார். பல சமயத்தார் கூடி வாழும் நம் நாட்டில், மாற்றுச் சமயத்தாரையும் தம்மவரைப் போலவே பேணிய அவரது வாழ்க்கை நாம் அறிந்து போற்றத்தக்கது.