மானிப்பாய் தந்த கிறீன் வைத்தியர்



ஆண்டு விழா மலருக்கு ஒரு ஊழியரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி நம் போதகர் கேட்டார். நான் தாதியாக வேலை செய்கிறவள் என்பதால் ஒரு வைத்திய ஊழியரைத் தெரிந்துகொண்டேன். பல்லரோச் சந்தையைச் சுற்றி வாழும் நம்மில் அநேகர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை அறியாதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அந்தக் கிறீன் யார் என்று நம் பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்ரர் நகரில் பிறந்தார். பதினொரு பிள்ளைகள் உள்ள குடும்பம். தந்தையார் சட்டத்தரணி. தமையன் அன்ட்ரூ பிற்காலத்தில் நியூயோர்க் நகரின் பெரிய சென்ட்ரல் பூங்கா உருவாகப் பாடுபட்டுப் பெயர் பெற்றார். தம்பி சாமுவேல் 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார். அவரும் அங்கேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1847இல், இளைஞராக, அமெரிக்க மிசனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து இறங்கினார்.

முதலில் வட்டுக்கோட்டையில் இருந்தார். 1848இல் மானிப்பாய்க்கு வந்து வைத்தியசாலையையும் மாணவர் வகுப்பையும் ஆரம்பித்தார். கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி தொடங்கியது 1870இல்தான். அதற்கு 22 வருடங்களுக்கு முன்னரே மானிப்பாயில் நம் பிள்ளைகள் மேலைநாட்டு வைத்தியம் படித்தார்கள் என்பது நமக்குப் பெருமை.

ஆரம்பத்தில் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடந்தன. படித்து முடித்தவர்களில் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். கிராமத்து நோயாளி பழையபடி வைத்தியரில்லாமல் கிடந்தான். கிறீன் இதை யோசித்தார். இந்தச் சனங்களின் வருத்தத்தை இந்தச் சனங்களின் பாஷையில் கேட்டு, அதே பாஷையில் விளக்கக்கூடிய வைத்தியர்கள் வேண்டும் என்று கண்டார். ஆனால் தமிழில் பாடநூல் இல்லை. ஆகவே அவரே தமிழைக் கற்று, நூல்களை எழுதத் தொடங்கினார்.

சரீரத்தின் அமைப்பைப் பற்றிய கட்டரின் நூலும், பிரசவ வைத்திய நூலும் தமிழில் வந்தன. 1857இல் சுகவீனத்தோடு தாய்நாடு போனவர், விவாகம் செய்து 1862இல் மனைவியோடு திரும்பி வந்தார். 1864 முதல் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். சத்திரசிகிச்சை பற்றிய இரண வைத்தியம் 1867இல் வெளியானது. கிரேயின் உடலமைப்பு நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872இல் வந்தது. இதையெல்லாம் அவர் தனியே செய்யவில்லை. அவரது தமிழ் மாணவர்கள் கூட இருந்து மொழிபெயர்த்தார்கள், திருத்தினார்கள். ஒரு உறுப்புக்கோ மருந்துக்கோ பெயர் வேண்டுமானால் முதலில் தமிழில் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடுவார்கள். அங்கேயும் இல்லாவிட்டால்தான் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார்கள். அந்தச் சொற்களைத் தொகுத்தும் அச்சிட்டார்கள்.

பெரிய நூல்கள் மாணவருக்கு. சாதாரண சனங்களுக்காகக் கண், காது, கை, கால், வாய், தோல் என்று ஒவ்வொன்றைப் பற்றியும் சிறு பிரசுரங்களும் எழுதினார். தேவன் படைத்த உறுப்பு என்ன வேலை செய்கிறது, அதை எப்படிக் காப்பது என்று அறிவதும் படைத்தவரைத் துதிப்பதுதான் என்பதை அவற்றில் காட்டினார். தம்மிடம் படித்தவர்கள் தமிழராகவே உடுத்து, தமிழராகவே உண்டு, தமிழ்க் கிறிஸ்தவர்களாக வாழ வேண்டும் என்று விரும்பினார். அவர் பயிற்றிய வைத்தியர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் 33 பேர் முழுக்கத் தமிழில் படித்தவர்கள்.

1873இல் உடல் பலவீனத்தால் அமெரிக்கா திரும்பினார். மறுபடி யாழ்ப்பாணம் வர முடியவில்லை. ஆனாலும் வூஸ்ரரில் இருந்துகொண்டே தமிழில் எழுதினார். மனுஷ சுகரணம் என்ற நூல் 1883இல், அவர் மரிப்பதற்கு முந்திய வருடம், வெளியானது. 1884 மே 28இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தம்முடைய கல்லறையில் தமிழருக்கு ஊழியஞ்செய்த வைத்தியர் என்று பொறிக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். வூஸ்ரரில் அந்தக் கல் இன்றும் அப்படியே நிற்கிறது.

இவரைத் தெரிந்துகொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் தாதியர் கல்வியை இந்த நாட்டில், இத்தாலி மொழியில் படித்தேன். சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த இடத்துக்கு நம் தமிழ் அம்மா ஒருவர் வயிற்றுவலியோடு வந்தார். மொழிபெயர்க்க வந்தது அவரது பன்னிரண்டு வயதுப் பேத்தி. வைத்தியர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அம்மா சிரித்துக்கொண்டு “பேனே, பேனே” என்றார். பேத்தி போனபின் என் கையைப் பிடித்து அழுதார். சின்னப் பிள்ளைக்கு முன்னால் சொல்லக்கூடாத வருத்தங்களும் அவருக்கு இருந்தன. அவற்றை நான் வைத்தியருக்குச் சொன்னேன். பிறகு அம்மாவுக்கு என்ன நோய் என்று விளங்கப்படுத்தப் போனேன். எனக்குப் பான்கிரெயாஸ் என்ற சொல்தான் வாயில் வந்தது. கணையம் என்ற தமிழ்ச் சொல் வரவில்லை. உள்ளே ஒரு உறுப்பு என்று மட்டும் சொன்னேன். சொல்லக்கூடாத ஏதோ பெரிய வருத்தம் என்று நினைத்து அந்த அம்மா அன்றிரவு முழுவதும் நித்திரை கொள்ளவில்லை. ஊசி போடவும் புண்ணைக் கழுவவும் தெரிந்த எனக்கு, என் தாய்மொழியில் அவருடைய பயத்தைப் போக்கத் தெரியவில்லை. அமெரிக்காவில் பிறந்த கிறீன் என் மொழியில் தேடிய சொற்களை, மானிப்பாய்க்குப் பக்கத்தில் பிறந்த நான் தேடாமல் விட்டிருந்தேன்.

எரிகோவில் பர்திமேயு கூப்பிட்டபோது, ஆண்டவர் அவனுக்குப் பார்வை இல்லை என்பதை அறியாமலா இருந்தார்? ஆனாலும் தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவனையே கேட்டார். அவன் தன் வாயால் சொன்னபின் சுகமாக்கினார். வருத்தக்காரனுடைய சொல்லைக் கேட்பதும் சுகமாக்கும் ஊழியத்தைச் சேர்ந்ததே. சரீரத்தைப் பராமரிப்பது ஆராதனை என்றால் அந்த ஆராதனையும் நோயாளிக்கு விளங்கும் மொழியில் நடக்க வேண்டும். கிறீன் வைத்தியரின் வாழ்க்கையிலிருந்து நான் கற்றது இதுதான்.

ஆகவே சபையோருக்கு இரண்டு விண்ணப்பங்கள். வயதானவர்கள் வைத்தியரிடம் போகும்போது சிறு பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்கு அனுப்பாதீர்கள். பெரியவர் ஒருவர் கூடப் போங்கள். ஆள் இல்லாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், வேலை இல்லாத நாளில் நான் வருகிறேன். மற்றது, உடலின் உறுப்புகள், வலிகள், சோதனைகள் ஆகியவற்றின் பெயர்களைத் தமிழிலும் இத்தாலியிலும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் பின் வாங்கில் இருப்பேன். ஊரில் பேசிய சொற்கள் தெரிந்த பெரியவர்களும், இங்கே பள்ளிக்கூடம் போகும் வாலிபர்களும் வந்து கைகொடுங்கள். கணையம் என்ற சொல்லை முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

ஆண்டவருடைய நாமம் மகிமைப்படுவதாக.