வெண்டல் ஸ்காட்: கணக்கில் விடுபட்ட வெற்றி

ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவர் யார் என்பதைக் கண்ணுள்ளவர் எல்லாரும் காணலாம். கார்ப் பந்தயத்தில் அது அவ்வளவு எளிதன்று. வட்டமான தடத்தில் பல கார்கள் நூற்றுக்கணக்கான முறை சுற்றி வருகின்றன. ஒன்றையொன்று முந்துகின்றன, பழுதாகி நிற்கின்றன, மீண்டும் ஓடுகின்றன. சிறிது நேரத்திற்குள் எது முன்னால் இருக்கிறது, எது ஒரு சுற்றுப் பின்தங்கியிருக்கிறது என்று பார்ப்பவருக்கு விளங்காமற் போகும். ஆகவே, யார் எத்தனை சுற்று முடித்தார் என்பதை அந்நாளில் ஒருவர் அமர்ந்து எண்ணிக் குறித்தாக வேண்டியிருந்தது. ஓட்டியவரின் வெற்றி எண்ணுகிறவரின் கையில் இருந்தது.

அந்தக் கை தவறியதால், தாம் வென்ற பந்தயத்திலேயே வெல்லாதவராக நிறுத்தப்பட்ட ஒரு மனிதர் இருந்தார். வெண்டல் ஸ்காட் என்பது அவர் பெயர். அமெரிக்க நாட்டுக் கறுப்பினத்தவர். மோட்டார் பந்தய வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது அவரைப் பற்றி அறிந்தேன். அறிந்த நாள் முதல் அவரை மறக்க முடியவில்லை. நம் மன்றத்து மாணவ நண்பர்களும் அவரை அறிய வேண்டும் என்ற ஆசையால் இதனை எழுதுகிறேன்.

பந்தயத்தின் பிறப்பு

நம் நாட்டுக் கார்ப் பந்தயத்திற்குத் தமிழகமே தாயகம் எனலாம். சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்காலத்து விமானத் தளத்தில் கார்கள் ஓடின. கோவையைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார் அமைத்து, இளைஞர் பலருக்கு வழி திறந்துவிட்டார். 1995 இல் அவர் மறைந்தார். கோவைச் செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005 இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

இவை பெரும்பாலும் பந்தயத்திற்கென்றே கட்டப்பட்ட, திறந்த அமைப்புடைய கார்களைப் பற்றிய செய்திகள். அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற ஸ்டாக் கார்ப் பந்தயம் வேறு வகை. கடையில் விற்கும் குடும்பக் காரின் உருவத்தை வைத்துக்கொண்டு, உள்ளே எஞ்சினை வலுவாக்கி ஓட்டுவது அது. அதன் பிறப்பில் ஒரு வேடிக்கை உண்டு. தென் மாநிலங்களின் மலைப்பகுதிகளில் கள்ளச் சாராயம் காய்ச்சி நகரங்களுக்குக் கடத்தியவர்கள், காவலரின் வண்டியை முந்துவதற்காகத் தங்கள் கார்களின் வேகத்தைக் கூட்டினார்கள். பிறகு யார் கார் விரைவானது என்று தமக்குள் போட்டியிட்டார்கள். இந்த ஆட்டத்திற்கு ஒழுங்கு வகுத்து, 1948 இல் நாஸ்கார் என்ற அமைப்பை ஏற்படுத்தினார் பில் பிரான்ஸ் என்பவர். ஓட்டுபவர், பார்ப்பவர், நடத்துபவர் எல்லாரும் ஏறத்தாழ வெள்ளையராகவே இருந்த உலகம் அது.

பட்டறையில் பயின்ற கலை

1921 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29 ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்து டான்வில் நகரில் ஸ்காட் பிறந்தார். பஞ்சாலையும் புகையிலைத் தொழிலும் நிறைந்த ஊர் அது. அவ்வூர்க் கறுப்பின இளைஞனுக்கு முன்னிருந்த வழி, முதலாளியிடம் கூலியாளாக நிற்பதே. ஸ்காட்டுக்கு அது பிடிக்கவில்லை. தமக்குத் தாமே தலைவராக வாழ வேண்டும் என்று எண்ணினார். அவருடைய தந்தை கார் ஓட்டுநர். மெக்கானிக் வேலையும் தெரிந்தவர். தந்தையிடம் கற்ற தொழிலே மகனுக்குச் சொத்தாயிற்று.

இளமையில் வாடகைக் கார் ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் படை மெக்கானிக்காகப் பணியாற்றினார். வெள்ளையருக்கு ஒரு படைப்பிரிவும் கறுப்பருக்கு வேறொரு படைப்பிரிவுமாக இருந்த காலம் அது. போர் முடிந்து ஊர் திரும்பியதும் சொந்தமாகப் பட்டறை வைத்தார். அதன் வருவாய் போதாமல், இரவில் சாராயமும் கடத்தினார். 1949 இல் ஒருமுறை பிடிபட்டு நன்னடத்தைக் கண்காணிப்பிலும் வைக்கப்பட்டார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. பெரியோர் வரலாறு எழுதுவோர் அவர்களைக் கறையற்ற பதுமைகளாக்கி விடுகிறார்கள். ஸ்காட் பதுமையல்லர், குடும்பத்தைக் காப்பாற்றப் போராடிய மனிதர்.

களம் புகுந்தார்

1952 இல் டான்வில்லில் பந்தயம் நடத்தியவர்களுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. கறுப்பர் ஒருவரை ஓட்டவிட்டால் கூட்டம் சேரும், வசூல் பெருகும் என்பதே அது. வேகமாக ஓட்டக்கூடிய கறுப்பர் யார் என்று காவலரிடம் விசாரித்தார்கள். துரத்திக் களைத்த காவலர்கள் ஸ்காட்டின் பெயரைச் சொன்னார்கள். இவ்வாறு வேடிக்கைப் பொருளாக அழைக்கப்பட்டவர், அங்கே தம் தொழிலைக் கண்டுகொண்டார்.

அடுத்து நாஸ்கார் பந்தயத்திற்குத் தம் காரை இழுத்துச் சென்றார். நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். வேறோர் ஊருக்குப் போனார்; அங்கும் அதே பதில். அவர் வீடு திரும்பி முடங்கிவிடவில்லை. சிறிய அமைப்புகள் நடத்திய பந்தயங்களில் வாரந்தோறும் ஓட்டினார், வென்றார். பின்னர் நாஸ்கார் உரிமமும் கிடைத்தது. அவ்வுரிமம் பெற்ற முதல் கறுப்பர் அவரே என்பர்.

உரிமம் கிடைத்தது, மதிப்பு கிடைத்ததா? 1954 இல் நடந்ததாக ஸ்காட் பின்னாளில் சொன்ன செய்தி ஒன்று. ஓர் ஊரில் பந்தயம் நடத்தியவர், வந்திருந்த வெள்ளை ஓட்டிகள் எல்லாருக்கும் பெட்ரோல் செலவுக்குப் பணம் கொடுத்தார். ஸ்காட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. மறுநாள் பில் பிரான்சிடமே சென்று ஸ்காட் முறையிட்டார். பிரான்ஸ் தம் பையிலிருந்து பணம் எடுத்துத் தந்து, தம் அமைப்பில் இனி வேற்றுமை இராது என்று உறுதி கூறினாராம். அவ்வுறுதி முழுமையாகக் காப்பாற்றப்படவில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

1959 இல் வர்ஜீனியா மாநில ஸ்போர்ட்ஸ்மன் பிரிவில் அவர் முதல்வரானார். 1961 இல், தம் நாற்பதாம் வயதை எட்டும் நிலையில், நாஸ்காரின் உயர்ந்த பிரிவாகிய கிராண்ட் நேஷனலில் நுழைந்தார்.

ஜாக்சன்வில்

1963 டிசம்பர் முதல் நாள். புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் அரை மைல் நீள மண் தடம். இருநூறு சுற்று, நூறு மைல். நெட் ஜாரெட் என்ற புகழ்பெற்ற ஓட்டியிடம் வாங்கிய பழைய செவ்ரோலே காரில் ஸ்காட் ஓட்டினார். மண் தடம் குண்டும் குழியுமாகிப் பல கார்களை முறித்தது. முன்னணியில் இருந்த ரிச்சர்ட் பெட்டியின் காரும் தளர்ந்தது. கடைசி இருபத்தைந்து சுற்று அளவில் ஸ்காட் அவரை முந்தினார். முடிவுக் கோட்டையும் கடந்தார். ஆனால் கட்டங்கொடி அசையவில்லை. அவர் மேலும் ஓட்டிக்கொண்டேயிருந்தார். பின்னால் வந்த பக் பேக்கருக்குக் கொடி அசைந்தது. கோப்பையும் அவர் கைக்குப் போயிற்று.

ஸ்காட் கணக்கை மீண்டும் பார்க்கச் சொன்னார். அட்டைகளைச் சரிபார்க்கச் சில மணி நேரம் ஆயிற்று. ஸ்காட்டே வென்றவர், அதுவும் இரண்டு சுற்று முன்னால் நின்று வென்றவர் என்று தெரிந்தது. அதற்குள் மக்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கோப்பையும் போய்விட்டது. வென்றவருக்கு அழகி ஒருத்தி கோப்பை தந்து முத்தமிடுவது அந்நாளைய வழக்கம். வெள்ளைப் பெண் கறுப்பரை முத்தமிடும் காட்சியைத் தவிர்க்கவே இது செய்யப்பட்டது என்று ஸ்காட் நம்பினார். அதிகாரிகள் அதனைக் கணக்குப் பிழை என்றார்கள்.

நான் இயற்பியல் மாணவன். ஆய்வுக்கூடத்தில் நமக்கு முதலில் கற்பிப்பது பிழைகளைப் பற்றித்தான். ஒழுங்கற்ற பிழை என்று ஒன்றுண்டு. அது ஒருமுறை கூட்டும், ஒருமுறை குறைக்கும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் அடங்கிவிடும். முறையான பிழை என்று மற்றொன்றுண்டு. தராசின் முள் தொடக்கத்திலேயே ஒருபக்கம் சாய்ந்திருப்பது போன்றது அது. ஆயிரம் முறை நிறுத்தாலும் அது நீங்காது. தராசைத் திருத்தியாக வேண்டும். ஜாக்சன்வில்லில் நடந்ததை மட்டும் தனியே எடுத்தால், கை தவறியது என்று சொல்லிவிடலாம். திருப்பி அனுப்பிய வாயில்களையும் மறுத்த பெட்ரோல் பணத்தையும் அதனோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்காட்டின் வாழ்வில் நேர்ந்த பிழைகள் ஒருமுறையேனும் அவருக்குச் சாதகமாகச் சாய்ந்தனவா?

கைத்திறனே கைப்பொருள்

வென்ற பின்னும் அவருக்குப் பெரிய நிறுவனத்தின் நிலையான ஆதரவு கிட்டவில்லை. பிறர் பயன்படுத்திய கார், பிறர் கழித்த டயர், தாமே திருத்திய எஞ்சின் ஆகியவையே அவர் படை. அவருடைய பிள்ளைகளே துணைப் பணியாளர்கள். நடுப் பந்தயத்தில் காரை நிறுத்தி, தாமே இறங்கிப் பழுது பார்த்து, மீண்டும் ஏறி ஓட்டியதும் உண்டு. பந்தயத்தில் கிடைத்த பரிசுப் பணம் அடுத்த பந்தயத்திற்குப் போகும் செலவாயிற்று.

இதன் அருமை எங்கள் ஊரில் வளர்ந்தவருக்கு நன்றாக விளங்கும். அந்தமானில் நான் பிறந்த சிப்பிகாட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில் என் மாமா பட்டறை வைத்திருக்கிறார். உதிரிப் பாகம் கப்பலில் சென்னையிலிருந்து வர வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் தாமதமாகும். ஓடாத மூன்று வண்டிகளைக் கழற்றி ஓடும் வண்டி ஒன்றை அவர் ஆக்குவதைப் பார்த்திருக்கிறேன். புதுப் பொருளைக் கொண்டு ஓட்டுவது செல்வம். பழம்பொருளைக் கொண்டு ஓட்டுவதே கலை.

அந்தக் கலையைக் கொண்டு 1966 இல் ஸ்காட் நாஸ்காரின் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம் பெற்றார். அவர் ஓட்டிய உயர்பிரிவுப் பந்தயங்கள் 495. அவற்றுள் 147 பந்தயங்களில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். வெற்றி என்று ஏட்டில் நிற்பது ஒன்றே, அதுவும் ஜாக்சன்வில்தான்.

இறுதியும் புகழும்

நல்ல கார் ஒன்றில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. கடன் பட்டு ஒரு காரை வாங்கினார். 1973 மே திங்களில் அலபாமா மாநிலத்துத் தலடேகா களத்தில் இருபதுக்கு மேற்பட்ட கார்கள் ஒன்றோடொன்று மோதின. ஸ்காட்டின் இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன, கார் நொறுங்கியது, கடன் மட்டும் நின்றது. அவ்வாண்டோடு அவர் பந்தய வாழ்வு முடிந்தது. மீண்டும் டான்வில் பட்டறையில் கார்களைப் பழுதுபார்த்தே வாழ்ந்தார். 1977 இல் அவர் கதையைத் தழுவித் திரைப்படம் ஒன்று வந்தது. 1990 டிசம்பர் 23 ஆம் நாள், 69 ஆம் வயதில் மறைந்தார்.

2015 இல் நாஸ்கார் தன் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்தது. ஜாக்சன்வில் வெற்றிக்குரிய கோப்பையை 2021 ஆகஸ்டு 28 இல் அவர் குடும்பத்தாரிடம் அளித்தது. அவர் உயிரோடிருந்தால் மறுநாள் நூறு வயது நிறைந்திருக்கும். அதே ஆண்டு அக்டோபரில், அவருக்குப் பின் அவ்வுயர்பிரிவில் வென்ற முதல் கறுப்பரானார் பப்பா வாலஸ் என்ற இளைஞர். வென்ற களம், ஸ்காட் வீழ்ந்த அதே தலடேகா.

நமக்குரிய பணி

தாமதமாயினும் நீதி கிடைத்ததே என்று மகிழ்வோர் உண்டு. நானும் ஓரளவு மகிழ்கிறேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்தக் கோப்பை அன்றே கையில் இருந்திருந்தால், அதைக் கண்டு ஒரு நிறுவனம் நல்ல கார் கொடுத்திருக்கலாம். முன்வரிசையில் நின்று இன்னும் பல பந்தயங்கள் வென்றிருக்கலாம். ஏட்டில் எண்ணைத் திருத்தலாம். இழந்த ஆண்டுகளைத் திருத்த முடியாது.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது சிப்பிகாட்டின் தாழ்ந்த வயல்களில் உப்புநீர் புகுந்து நின்றது. தமிழகத்திலிருந்து பிழைக்க வந்த என் தந்தை, அங்கே குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிட்டிருந்தார். இழப்பைக் கணக்கெடுக்க வந்தவர்கள் நிலத்துக்குரியவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். பயிரிட்டவர் பெயரை எழுதவில்லை. எவரும் பகையால் அவ்வாறு செய்யவில்லை. ஏட்டில் அதற்கெனக் கட்டம் இல்லை, அவ்வளவுதான். தராசின் முள் சாய்ந்திருப்பதற்குப் பகை வேண்டுமென்பதில்லை. அதைப் பார்ப்பார் இல்லாமை போதும்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், அலுவலராவோம், ஆய்வாளராவோம். விடைத்தாளும் வருகை ஏடும் பயனாளர் பட்டியலும் நம் கையில் வரும். பந்தயத்தில் ஓடும் திறமை எல்லாருக்கும் வாய்க்காது. கோட்டருகே அமர்ந்து எண்ணும் பொறுப்பு நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒருநாள் வந்தே தீரும். அன்று, கோட்டைக் கடப்பவர் எந்த நிறத்தவர், எந்தத் தெருவினர், எந்த ஊரிலிருந்து பிழைக்க வந்தவர் என்று பாராமல், கடந்ததைக் கடந்த அந்தக் கணத்திலேயே குறிப்போமாக. வெண்டல் ஸ்காட்டுக்கு நாம் செய்யக்கூடிய சிறப்பு அதுவே.