ஜான் அகஸ்டஸ் வோல்க்கர்

ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் (1854–1937) ஓர் ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் ஆவார். இந்திய வேளாண்மை குறித்து 1893 இல் வெளியான அறிக்கையால் இவர் பெரிதும் அறியப்படுகிறார். இவருடைய தந்தை அகஸ்டஸ் வோல்க்கரும் இத்துறையினரே. தந்தை 1884 இல் மறைந்தபின், இங்கிலாந்தின் அரச வேளாண் கழகத்தில் அவர் வகித்த ஆலோசனை வேதியியலாளர் பதவியை மகன் ஏற்றார்.

இந்தியப் பயணம்

1889 டிசம்பரில் அரசின் அழைப்பில் வந்த வோல்க்கர், ஓராண்டுக்கும் மேலாகச் சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் சுற்றினார். இந்திய உழவருக்கு உழவு தெரியாது என்ற அந்நாளைய கருத்தை இவர் ஏற்கவில்லை. இந்திய உழவர் சராசரி ஆங்கிலேய உழவருக்கு இளைத்தவர் அல்லர். குறை அறிவில் அன்று, நீரிலும் எருவிலுமே என்பது இவரது முடிவு.

விறகு கிடைக்காத ஊர்களில் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிந்தது. எரியும்போது அதன் தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றோடு போய்விடும். ஆகவே விறகுக்காகக் காடு வளர்க்குமாறு பரிந்துரைத்தார். உரம் பற்றிய அறிக்கையில் விறகுக்கு இவ்வளவு இடமா என்று தோன்றலாம். இவருக்கு இரண்டும் ஒரே சிக்கல்தான்.

எலும்பு, எண்ணெய் வித்துகள், வெடியுப்பு ஆகியவற்றின் ஏற்றுமதியை மண்வளத்தின் இழப்பாகவே இவர் கண்டார். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். 20ஆம் நூற்றாண்டில் விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியின் பட்டாசுத் தொழிலுக்கு மூலப்பொருளான அதே உப்பு, பயிருக்குத் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் தரும் கனிம உரமுமாகும். அக்காலத்தில் பீகார்ப் பகுதி மண்ணிலிருந்து எடுக்கப்பட்டுப் பெருமளவு கப்பலேறியது.

பின்விளைவுகள்

1892 இல் வால்டர் லெதர் இந்திய அரசின் வேளாண் வேதியியலாளரானார். நாட்டின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலையைப் பாரி நிறுவனம் 1906 இல் இராணிப்பேட்டையில் தொடங்கியது.