காமிராவுக்கு முகம் தந்தவர்

நம்மில் பொறியியல் பயிலும் நண்பர்கள் சிலர் ஓவியக் கலையை வெறும் ஒப்பனை என்கிறார்கள். அவர்களுக்காகவே யூசாக்கு காமெகுராவைப் பற்றி எழுதுகிறேன்.

1915-இல் ஜப்பானின் நீகாட்டாப் பகுதியில் பிறந்தவர். பொறியாளர் அல்லர், சுவரொட்டிகளும் வணிகச் சின்னங்களும் வரைந்த ஓவியர்.

ஒற்றை வில்லைக் காமிராவில், படம் பிடிக்கும் வில்லை வழியாகவே கண்ணும் பார்க்கிறது. உள்ளே சாய்ந்து நிற்கும் ஆடி பிம்பத்தை மேலே அனுப்பும். 1952-இல் ஜப்பானில் வந்த அசாஹிஃப்ளெக்ஸில் அதைக் குனிந்துதான் பார்க்கவேண்டும். இடம் வலமாகவும் தெரியும். பட்டகம் ஒன்றை மேலே பொருத்தினால் இரு குறையும் தீரும். ஆனால், அந்தக் கண்ணாடிக் கட்டி காமிராவின் தலையில் திமில்போல் புடைத்து நிற்குமே!

1959-இல் வெளிவந்த நிக்கான் எஃப் காமிராவின் உட்பொறியை அமைத்தவர்கள் பொறியாளர்கள். வெளித்தோற்றம் காமெகுராவின் கைக்கு வந்தது. நானாக இருந்தால் திமிலை உருட்டி மறைத்திருப்பேன். அவரோ அதைக் கூரிய முக்கோணமாக்கி நிமிர்த்திவிட்டார்! உடலெங்கும் நேர்கோடுகள், பூவேலை கிடையாது. மறைக்கவேண்டிய புடைப்பே அக்காமிராவின் அடையாளம் ஆயிற்று. 8 இலட்சத்துக்கு மேல் விற்றது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் சின்னமும் அவருடையதே: பெரிய செஞ்சூரியன், கீழே பொன் வளையங்கள். இரண்டே வடிவங்கள்! 1983-இல் ஹிரோஷிமாவுக்காக, எரிந்து விழும் வண்ணத்துப்பூச்சிகளை வரைந்தார். குண்டும் இல்லை, பிணமும் இல்லை. ஆயினும் அச்சுவரொட்டியை என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

1997-இல் காலமானார்.