யார் இந்த டாம் வாடெல்? ஒரே ஒரு வார்த்தைக்காக வீட்டையே பணயம் வைத்த டாக்டர்

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். 4x200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரிலே. கடைசியாக நீந்திய அமெரிக்காவின் புரூஸ் ஹேய்ஸ், துரத்தி வந்த மேற்கு ஜெர்மனியின் மைக்கேல் கிராஸிடம் பிடிகொடுக்காமல் சுவரைத் தொட்டார். வித்தியாசம் வெறும் 0.04 விநாடி! தான் ஒரு தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை அப்போ அவர் வெளியே சொல்லவில்லை. 1990-ல் வான்கூவரில் வெளிப்படையாகவே நீந்தினார், 7 தங்கம் வென்றார். அந்தப் போட்டிதான் 'கே கேம்ஸ்'. அதை ஆரம்பித்த டாம் வாடெல் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

1937-ல் நியூ ஜெர்சியில் பிறந்தவர் வாடெல். படிப்பு மருத்துவம், விளையாட்டு டெகத்லான். அதாவது ரெண்டே நாளில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என 10 போட்டிகள். ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது வியட்நாம் போக மறுத்தார். ஜெயில்தான்னு நினைத்தவரை ஒலிம்பிக் பயிற்சிக்கு அனுப்பினார்கள்! 1968 மெக்சிகோவில், 30 வயதில், 6-வது இடம்.

தன் அடையாளத்தை மறைக்காமல் யாரும் விளையாட ஒரு மேடை வேணும்னு நினைத்தார். 1982-ல் சான் பிரான்சிஸ்கோவில் நீச்சல் உட்பட பல போட்டிகள், 1,300-க்கும் அதிகமான வீரர்கள். இந்தியாவில் 377-வது பிரிவு திண்டுக்கல் முதல் டெல்லி வரை ஆயுள் தண்டனை வரை மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. 2018 செப்டம்பர் 6-ல்தான் சுப்ரீம் கோர்ட் அதைத் தளர்த்தியது.

வைத்த பெயர் 'கே ஒலிம்பிக்ஸ்'. அங்கேதான் சிக்கல். அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. போஸ்டர்களில் அந்த வார்த்தையை மறைக்க வேண்டியதாச்சு. எலிகளுக்கு நடத்தும் பந்தயத்துக்குக்கூட 'ஒலிம்பிக்ஸ்' என்று பெயர் இருந்தது, அதை யாரும் கண்டுக்கல. வாடெல் விடவில்லை, வழக்கு நடத்தினார். கமிட்டியின் வழக்குச் செலவுக்காக அவர் வீட்டின் மேலேயே உரிமை கோரப்பட்டது.

1986-ல் ரெண்டாவது போட்டி. எய்ட்ஸ் உடம்பை உருக்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் களத்தில் இறங்கினார், ஈட்டி எறிதலில் தங்கம்.

1987 ஜூன் 25-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. 5-க்கு 4 என அவர் பக்கம் தோற்றது. அடுத்த 16-வது நாள், ஜூலை 11-ல், 49 வயதில் வாடெல் இறந்தார்.