கடலை எண்ணெயிலும் ஓடிய இன்ஜின்: யார் இந்த ருடால்ஃப் டீசல்? டேங்கில் ஊற்றும் அடிட்டிவ் இன்ஜினைக் காப்பாற்றுமா?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத், ஓரகடம் பக்கம் போகிற ரோட்டில் லாரிக்கும் கம்பெனி வேனுக்கும் பஞ்சமே கிடையாது. டைம்லர் நிறுவனம் 2012-ல் லாரி தொழிற்சாலையைத் திறந்ததும் இதே ஓரகடத்தில்தான். இந்த வண்டிகளை ஓட்டுபவர்களும், சொந்தமாக ஒரு டாடா ஏஸ் வைத்துப் பிழைப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விற்கும் டீசல் அடிட்டிவை டேங்கில் ஊற்றினால் இன்ஜின் தேயாமல் இருக்குமா? இல்லை, காசுதான் வீணா?

இதற்குப் பதில் தேடினால், அந்த இன்ஜினுக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டுப் போன மனிதரின் கதைக்குள் போக வேண்டியிருக்கிறது. டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது ஒரு ஆளின் பெயர்.

பாரிஸில் பிறந்த ஜெர்மன்காரர்

ருடால்ஃப் டீசல் பிறந்தது 1858 மார்ச் 18, பாரிஸ் நகரில். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா தியோடர் புத்தகம் பைண்டிங் செய்வார், தோல் பொருட்கள் செய்து விற்பார். நம்ம ஊர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தார் சுற்றிக் கொடுத்தே வளர்வது போல, சிறுவன் ருடால்ஃபும் தோல் பொருட்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாடிக்கையாளர் வீடுகளில் சேர்த்துவிட்டு வருவான். கைத்தொழில் குடும்பத்தின் கஷ்டம் அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மன் நாடுகளுக்கும் போர் வந்தது. ஜெர்மன்காரர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. 12 வயது ருடால்ஃபை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த உறவினர் கணக்கு வாத்தியார். அங்கே படித்து, வகுப்பில் முதலாவதாக வந்து, உதவித்தொகையுடன் மியூனிக் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். டைஃபாய்டு வந்ததால் 1879-ல் இறுதித் தேர்வை எழுத முடியவில்லை. 1880 ஜனவரியில் எழுதி, மிகச் சிறந்த மதிப்பெண்களோடு தேறினார்.

அங்கே பாடம் எடுத்தவர் கார்ல் வான் லிண்டே, குளிர்பதன இயந்திரத் துறையின் முன்னோடி. எரிபொருள் தரும் வெப்பத்தில் எவ்வளவு வேலையாக மாறுகிறது என்பதை அவர் வகுப்பில் விளக்கியபோது மாணவர் டீசலுக்கு அதிர்ச்சி. அக்கால நீராவி இன்ஜின் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றியது. மீதி எல்லாம் வீண். அந்த ஒரு கணக்குதான் அவரைக் கடைசி வரை விடவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. நீராவி இன்ஜின் பெரிய முதலாளிக்குத்தான் கட்டுப்படியாகும். அதனால் சின்னப் பட்டறைகளும் கைத்தறிகளும் ஆலைகளிடம் தோற்றுக்கொண்டிருந்தன. சின்னத் தொழிலாளியும் வாங்கி வைத்துக்கொள்ளும் மாதிரி சிக்கனமான இன்ஜின் ஒன்று இருந்தால் அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று டீசல் நம்பினார். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கவலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தீப்பொறி இல்லாமல் எரியும் நெருப்பு

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும், கவனித்திருப்பீங்க. காற்றை அழுத்தினால் சூடாகும், அவ்வளவுதான் விஷயம். சிலிண்டருக்குள் காற்றை மிகக் கடுமையாக அழுத்தி, அந்தச் சூட்டில் எரிபொருளைத் தெளித்தால் ஸ்பார்க் பிளக் இல்லாமலே பற்றிக்கொள்ளும். இந்த யோசனைக்கு டீசல் 1892-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1893-ல் கிடைத்தது.

காகிதத்தில் எழுதியது எளிது. 1893 ஆகஸ்ட் 10-ம் தேதி ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை. அழுத்தம் தாங்காமல் அளவுமானி வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரி 17-ல் இன்ஜின் முதல்முறையாகத் தானாக ஓடியது, ஒரே ஒரு நிமிஷம். சரியாக மூன்று வருடம் கழித்து, 1897-ல் அதே பிப்ரவரி 17 அன்று பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் அதிகாரபூர்வ சோதனை. எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. அன்றைக்கு யாரும் பார்த்திராத எண் அது.

இந்த ஆண்டுகளில் டீசல் மல்லுக்கட்டியது பெரும்பாலும் எரிபொருளோடுதான். நிலக்கரித் தூளில் ஓட்டலாம் என்பதும் அவருடைய ஆரம்பக் கணக்கில் இருந்தது. பெட்ரோலை முயன்றார். வெற்றி பெற்ற சோதனையில் ஓடியது மண்ணெண்ணெய். எரிபொருளைப் புகை மாதிரி நுணுக்கமாகச் சிதறடித்து உள்ளே அனுப்புவதுதான் தீராத தலைவலி. அழுத்தப்பட்ட காற்றின் உதவியோடு அதைச் சமாளித்தார்.

பணம் வந்தது, நிம்மதி போனது

1897-ல் அமெரிக்க பீர் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்து உரிமம் வாங்கினார். ஒரே வருடத்தில் டீசல் கோடீஸ்வரர். ஆனால் விற்பனைக்குப் போன ஆரம்ப இன்ஜின்கள் தொடர்ந்து பழுதாகின. காப்புரிமை வழக்குகள் வேறு. உடம்பும் மனசும் சோர்ந்து 1898-ல் சிகிச்சைக்குச் சேர்ந்தார். மியூனிக்கில் மாளிகை கட்டினார், எண்ணெய் வயலிலும் நிலத்திலும் பணம் போட்டார். போட்டது திரும்பவில்லை. இயந்திரத்தில் ஒரு சதவீத இழப்பைக்கூடப் பொறுக்காதவர், சொந்தக் கணக்கில் இப்படிக் கோட்டை விட்டார் என்பதுதான் ஆச்சரியம்.

நம்ம கதைக்கு முக்கியமான ஆண்டு 1900. பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆமாம், வேர்க்கடலை எண்ணெய்தான். ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை நிறைய விளைந்ததால், அங்கேயே எரிபொருள் செய்துகொள்ளலாமா என்று பார்க்க பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்ட சோதனை அது. வேடிக்கை பார்த்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. தாவர எண்ணெய்க்கு எதிர்காலம் இருக்கிறது என்று டீசல் 1912-ல் வெளிப்படையாகவே பேசினார்.

1903-ல் தொழிலாளர்களே கூட்டாக உடைமையாளர் ஆகும் ஆலைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கூட்டுறவு நெசவாளர் சங்கம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு அது புதுசாகத் தோன்றாது. ஜெர்மனியில் அது மிகக் குறைவாகவே விற்றது. அவர் இன்ஜின் சின்னப் பட்டறைக்குப் போவதற்குப் பதிலாக மின் நிலையத்துக்கும், கப்பலுக்கும், நீர்மூழ்கிக்கும் போனது. 1912-ல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் இன்ஜினிலேயே கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை போய் உலகத்தை அசத்தியது.

1913 செப்டம்பர் 29: அன்று இரவு என்ன நடந்தது?

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் ட்ரெஸ்டன் என்ற கப்பலில் டீசல் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு கம்பெனிக் கூட்டத்துக்குப் பயணம். இரவு உணவு முடிந்ததும், காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் பத்து மணி வாக்கில் அறைக்குப் போனார். காலையில் ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேல்கோட்டும் மேல்தளத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. சில நாள் கழித்து ஒரு டச்சுப் படகு கடலில் ஒரு உடலைப் பார்த்தது. பையிலிருந்த பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மருந்து டப்பா, பேனாக்கத்தி, கண்ணாடிக் கூடு. அவை அப்பாவுடையவைதான் என்று மகன் ஆய்கன் அடையாளம் சொன்னார். டீசலுக்கு வயது 55.

உளவு, கொலை என்று இன்றுவரை பல கதைகள் சுற்றுகின்றன. எதற்கும் ஆதாரம் இல்லை. அவர் கடனில் மூழ்கியிருந்தார் என்பதும், கிளம்பும் முன் மனைவி மார்த்தாவிடம் விட்டுப் போன பையில் பணமும், காலியான வங்கிக் கணக்கு விவரமும் இருந்தன என்பதும் உண்மை.

சரி, அடிட்டிவ் விஷயத்துக்கு வருவோம்

டீசல் வாழ்ந்த காலத்தில் அவர் இன்ஜின் விற்பனைக்கு வந்த லாரிகளில் ஏறவில்லை. 1920-களில்தான் ஏறியது. 1927-ல் பாஷ் நிறுவனம் எரிபொருள் பம்பைப் பெருமளவில் தயாரிக்க ஆரம்பித்ததும் வேகம் பிடித்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. அவர் காலத்து இன்ஜின் பெரிசு, மெதுவாகச் சுற்றும், முரட்டுத்தனமானது. இன்றைய காமன் ரயில் இன்ஜினில் சுமார் 2,000 பார் அழுத்தத்தில் டீசல் தெளிக்கப்படுகிறது. பம்புக்குள் உரசும் பாகங்களுக்கு நடுவே இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசு. அந்தப் பாகங்களுக்குத் தனி ஆயில் கிடையாது. டீசலேதான் வழவழப்பு கொடுக்க வேண்டும்.

இங்கேதான் கந்தகம் வருகிறது. பி.எஸ்-3 டீசலில் கிலோவுக்கு 350 மில்லிகிராம் வரை கந்தகம் இருக்கலாம். பி.எஸ்-4-ல் 50. 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ்-6-ல் வெறும் 10. புகைக்கு நல்லது. ஆனால் கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பும் கூடவே போய்விடுகிறது. அதனால் அதை ஈடுகட்டும் அடிட்டிவை எண்ணெய் நிறுவனங்களே கலந்துதான் அனுப்புகின்றன. உரசலில் ஏற்படும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது, சீட்டேன் எண் 51-க்குக் குறையக் கூடாது என்று தரம் இருக்கிறது. ஒழுங்கான பங்க்கில் போடும் டீசலில் நீங்க காசு கொடுத்து வாங்கும் பாட்டிலின் வேலையில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

அப்போ பாட்டில் சுத்த வேஸ்டா? அப்படியும் இல்லை. இன்ஜெக்டரில் படிந்த கசடைக் கரைக்கும் டிடர்ஜென்ட் வகை, ஓட்டம் கண்ட வண்டிக்கு உதவலாம். மாதக்கணக்கில் நிற்கும் ஜெனரேட்டர் டேங்கில் தண்ணீர் சேர்ந்து பாசி மாதிரி கிருமி வளரும். அதற்குத் தனி மருந்து உண்டு. ஆனால் தேய்ந்துபோன பம்பை எந்தப் பாட்டிலும் புதுசாக்காது. மண்ணெண்ணெய் கலந்த டீசலையும் அது நல்ல டீசலாக மாற்றாது. தண்ணீர் வடிகட்டியைத் திறந்து விடுவதும், ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவதும்தான் நிஜமான பாதுகாப்பு. வாரன்டி இருக்கிற வண்டி என்றால், எதையும் ஊற்றும் முன் மேனுவலைப் பாருங்க.

டிரைவர்கள் யூரியா என்று சொல்கிற டி.இ.எஃப் திரவத்தை மட்டும் டீசல் டேங்கில் ஊற்றிவிடாதீங்க. அது 32.5 சதவீத யூரியா கரைசல், அதற்குத் தனி டேங்க். அதன் வேலை புகைக்குழாய்ப் பக்கம். மாற்றி ஊற்றினால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாமே காலி.

கடலை எண்ணெய் என்ன ஆச்சு? தாவர எண்ணெயை வேதிமுறையில் மாற்றிச் செய்யும் பயோடீசலை ஒன்றிரண்டு சதவீதம் கலந்தாலே, கந்தகம் எடுத்த டீசலுக்கு இழந்த வழவழப்பு திரும்ப வந்துவிடும். 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது 2018-ல் மத்திய அரசு அறிவித்த உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு. அதற்காகச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயை நேரே டேங்கில் ஊற்றிப் பார்க்கலாம்னு யாரும் கிளம்ப வேண்டாம். பாரிஸில் ஓடிய அந்தப் பழைய இன்ஜின் கெட்டியான எண்ணெயைத் தாங்கியது, இன்றைய இன்ஜெக்டரின் துளை அடைத்துக்கொள்ளும்.