மூலையில் உட்காராத சகோதரி

இந்த மலருக்கு ஒரு பெண்ணோட வாழ்க்கையை எழுதித் தரணும்னு கேட்டதும், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் சகோதரி சுப்புலட்சுமி.

1886-இல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி 11 வயதில் கல்யாணம் நடந்தது. கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்துபோனார். அப்போது அவர் பிறந்த பிராமண சமூகத்தில் விதவை என்றால் தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். சின்னப் பிள்ளை என்றும் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் சுப்புலட்சுமியின் அப்பாவும் அம்மாவும் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார்கள். அவரும் விடாமல் படித்து 1911-இல் பி.ஏ. பட்டம் வாங்கினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள்.

பட்டம் வாங்கியதோடு நம்ம பாடு தீர்ந்ததுன்னு அவர் இருந்துவிடவில்லை. 1912-இல் தன்னைப் போன்ற இளம் விதவைகள் சிலரைச் சேர்த்து, தங்க இடமும் கொடுத்துப் படிக்க வைத்தார். துணைக்கு நின்றவர் அவருடைய சித்தி, அவரும் விதவைதான். பிள்ளைகள் கூடக் கூட, இல்லம் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. ஒரு காலத்தில் கப்பலில் வந்த பனிக்கட்டியை அடுக்கி வைத்த கட்டடம் அது. அங்கே படித்த பெண்கள் பலர் ஆசிரியைகளாகிச் சொந்தச் சம்பளத்தில் நின்றார்கள். பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளி நடத்தினார்.

எனக்கும் 31 வயதில் வீட்டுக்காரர் தவறிவிட்டார். வளைகாப்புக்குப் போனால் பின்னாடி உட்காரச் சொன்ன நாட்கள் உண்டு. அதனால்தான் ஒரு விஷயம் என் மனசில் தைத்தது. சுப்புலட்சுமி அம்மா வெள்ளைச் சேலைதான் கட்டினார். ஒதுக்கி வைக்க ஊர் கொடுத்த அடையாளம் அது. அதைக் கட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் நடத்தினார், கல்லூரி முதல்வராக இருந்தார், சட்ட மேலவை வரை போனார். சேலை மாறவில்லை, அதைப் பார்த்த ஊரின் பார்வைதான் மாறியது. 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969-இல் காலமானார்.

வந்த கஷ்டத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. அதோடு என்ன செய்வது என்பதை மட்டும் அவரே முடிவு செய்தார். அதுக்கு அப்பா, அம்மா, சித்தி என்று துணை நின்றவர்களும் இருந்தார்கள்.

சகோதரிகளே, துணை இல்லாமல் தனியாகத் தைரியமா இருன்னு யாருக்கும் சொல்லிவிட முடியாது. நம்ம குழுவில் கணவரை இழந்த ஒரு பெண் கூட்டத்துக்கு வராமல் நின்றுபோனால், சந்தா பாக்கியை எழுதுவதற்கு முன்னாடி இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போவோம். அடுத்த பயிற்சிக்கு முதல் பெயராக அவர் பெயரைக் கொடுப்போம். நம்ம வீட்டு விசேஷத்தில் அவரை முன் வரிசையில் உட்கார வைப்போம்.